கருமாதித் துறையில் கல்யாணப் படம்

எங்கள் ஊர் ஆற்றங்கரையைப் புதுப்பித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கருங்கல் படி, பிடித்துக்கொள்ளக் கம்பி, வரிசையாக விளக்கு, பெண்கள் துணி மாற்ற அறை, பஸ் நிறுத்த இடம் என்று நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். பெருமாளைச் சேவிக்க வருகிற வெளியூர்க்காரர்கள் முன்பெல்லாம் முகம் சுளித்துக்கொண்டே காலை நனைத்துவிட்டுப் போவார்கள். இப்போது ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். தடுப்பணை கட்டியதால் தை மாதத்திலும் தண்ணீர் நிற்கிறது.

என் கோபமெல்லாம் ஒரே ஓர் இடத்தைப் பற்றியது. படித்துறையின் தெற்குக் கோடியில் ஒரு புங்க மரம் உண்டு. எங்கள் ஊரில் யார் செத்தாலும் பதினாறாம் நாள் கருமாதி அந்த மரத்தடியில்தான் நடக்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அதெல்லாம் படக்கூடாது என்று, ஆறு திரும்புகிற இடத்தில் கருமாதிக்குத் தனியாக ஒரு மண்டபம் கட்டிவிட்டார்கள். மரத்தைச் சுற்றி மேடை போட்டு, ஒரு கல் தோரணமும் இரண்டு யானையும் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் யாரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டோம். வெளியூர்க்காரர்கள் அங்கே மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள்.

என் மகள் ரஞ்சனிக்கு மாசியில் கல்யாணம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை சங்கரநாராயணனும் அதே லைன்தான். தென்காசிப் பக்கம் ஊர். இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படத்தை ஆற்றங்கரையில் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். நான் வரவில்லை என்றேன். ரஞ்சனி சின்னப் பெண்ணாக இருந்தபோது என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனார். அதிலிருந்து நான் ஆற்றுப் பக்கம் போனதில்லை. கோயிலுக்குக்கூட ரோட்டு வாசல் வழியாகப் போய் அப்படியே திரும்பிவிடுவேன்.

“பொடவைப் பைய யாரு புடிச்சிகினு நிப்பா? நீ வாம்மா” என்று ரஞ்சனி ஒரே பிடிவாதம். கோபுரத்துப் பக்கம்தானே எடுப்பார்கள் என்று நினைத்துக் கிளம்பினேன்.

தண்டலத்திலிருந்து வந்த போட்டோக்காரர் ஜீவானந்தம் நேராகப் போய்ப் புங்க மரத்தடியில் குடை விளக்கை நிறுத்தினார். என் வீட்டுக்காரருக்குக் கருமாதி செய்தது அங்கேதான். என்னைத் தண்ணீரில் உட்கார வைத்து, சுற்றிலும் புடவையைப் பிடித்துக்கொண்டு, தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டதும் அதே படியில்தான். கல்லை மாற்றிவிட்டால் எனக்கு மறந்துவிடுமா? அங்கே என் மகள் பட்டும் பூவுமாக நிற்கிறாள். இவள் வாழ்க்கைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். வாயைத் திறந்தால் கல்யாணப் பெண்ணின் முகம் வாடிப்போகும், சம்பந்தி வீட்டில் அபசகுனம் என்பார்கள். திறக்காவிட்டால் நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் என் மனசு என்னைச் சும்மா விடாது.

“தம்பி, இங்க வெயிலு மூஞ்சில அடிக்குது. கோபுரத்தாண்ட போலாமே” என்றேன்.

“அடிக்கணும்மா. அதுக்குத்தானே காலைலயே வந்தது” என்றார் ஜீவானந்தம்.

“படி வழுக்கும்.”

“புதுக் கல்லும்மா. சொரசொரன்னு கீது பாருங்க.”

“இந்த மரத்துல எறும்பு ஜாஸ்தி.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரஞ்சனி சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“சிரிக்காத. இது கருமாதித் துறை. இங்கதான் என் தாலிய எடுத்தாங்க” என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. யானையைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்த வெளியூர்க் குடும்பம் ஒன்று மெல்ல நகர்ந்துபோனது. ஜீவானந்தம் கேமராவைக் கீழே இறக்கினார்.

மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். “எங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே துறைதான் அத்தை. காலைல திதி குடுப்பாவ, அந்தப் படியிலேயே கல்யாணத்துக்குத் தண்ணிக் குடமும் எடுப்பாவ. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாவ. ஒங்களுக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லுங்க, வேற எடம் போயிருவோம்.”

சண்டைக்கு நிற்கிறவளிடம் இப்படி விட்டுக்கொடுத்துப் பேசினால் நான் என்ன செய்வது. ரஞ்சனியைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியும்மா, சித்தி சொல்லிச்சு” என்றாள். “இந்த மரத்தாண்டதான் எடுக்கணும்னு ஜீவா அண்ணாகிட்ட நான்தான் சொன்னேன்.”

“தெரிஞ்சுமாடி வந்து நிக்கிற?”

“அன்னிக்கு எல்லாரும் என்ன வூட்லயே வுட்டுட்டு வந்துட்டீங்க. சின்னப் பொண்ணு பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்பாவ எங்க இட்டுகினு போயி அனுப்பி வெச்சீங்கன்னுகூட எனக்குத் தெரியல. இப்ப என் கல்யாணத்துக்கு அவர எங்க வந்தும்மா கூப்புடறது?”

முதல் பத்திரிகையை அவர் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டிருந்தோம். அது அவளுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது, அழுதேன். பிறகு புடவைப் பையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுப் படியிறங்கினேன்.

தண்ணீரில் கால் வைத்ததும் மேலேயிருந்து விசில் கேட்டது. நீல உடை போட்ட காவலாளி ஓடி வந்தார். “தண்ணில எறங்கக் கூடாதும்மா. போர்டு போட்டுகீது பாரு. குளிக்கிறதுன்னா கோயில் துறைக்குப் போ. இங்க சும்மா பாக்கத்தான்.”

“குளிக்க வரலப்பா. எங்க வூட்டுக்காரர் இங்க கீறாரு. பொண்ணு கல்யாணத்த சொல்லிட்டு வந்துடறேன்.”

அவர் என்னைப் பார்த்தார், மாலையோடு நிற்கிற ரஞ்சனியைப் பார்த்தார். விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

ரஞ்சனி பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் இறங்கி நின்றாள். தண்ணீர் சில்லென்று இருந்தது.

“இன்னான்னும்மா சொல்றது?”

“மாசி மாசம் கல்யாணம், மறக்காம வந்துடுங்கன்னு சொல்லு.”

அவள் ஆற்றைப் பார்த்து, “அப்பா” என்று கூப்பிட்டுவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். அவரை அவள் அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டு நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.