மூன்றாம் கேமரா

அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஐந்தாம் வகுப்பில் பின்பெஞ்சுக்காரன் ஒருவன் அவன் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிவிட்டுக் கையை எடுத்தான். பென்சில் விழவில்லை. அன்றிலிருந்து அவன் சுருட்டை. வேலைக்குச் சேர்ந்த இடத்துக்கும் அந்தப் பெயர் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இருபத்தாறு வயதில் சுருளெல்லாம் குளியலறைச் சல்லடையோடு போன பிறகும் பெயர் மட்டும் மயிரிழைகூடக் குறையாமல் இருந்தது.

கண்காணிப்பு கேமரா விற்று, பொருத்தி, பழுது பார்த்துக் கொடுக்கும் கடை அது. முன்னால் வாடிக்கையாளர்கள் உட்காரும் கூடம். பின்னால் சரக்கறை. சரக்கறையில் அலமாரியை ஒட்டிப் போட்ட மேசைதான் சுருட்டையின் இடம். பழுதான பெட்டிகளைத் திறந்து, குனிந்து, பற்றவைப்புக் கம்பியும் கையுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். கடையிலேயே நான்கு கேமராக்கள் இருந்தன. மூன்றாவது, சரக்கறை மூலையில் கூரையை ஒட்டி. நான்கின் படமும் முன்கூடத்தில் பெரிய டிவியில் ஓடிக்கொண்டே இருக்கும். வருகிறவர்களுக்குத் தரத்தைக் காட்ட முதலாளி செய்த ஏற்பாடு.

ஒருநாள் பழுது நீக்கிய திரை ஒன்றைச் சோதிக்க, அதில் கடையின் கேமராக்களை இணைத்தான். மூன்றாவது கட்டத்தில் யாரோ ஒருவன் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல், டியூப்லைட்டில் பளபளத்தது. யார்ரா இது, நம்ம மேசையில என்று நினைத்தபடி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். அரை வினாடி கழித்துத் திரையில் இருந்தவனும் வைத்தான்.

கண்ணாடி முன்பக்கத்து ஆள். உச்சியைப் பற்றி அது அதுவரை அவனிடம் மூச்சு விட்டதில்லை.

அதற்குப் பிறகு அவன் பஸ்ஸில் கடைசி இருக்கையில்தான் உட்கார்ந்தான். பின்னால் ஆள் இருக்கக் கூடாது. நண்பர்கள் படம் எடுத்தால் பின்வரிசையில் போய் நின்றுகொண்டான். பிறகு கூப்பிட்ட இடத்துக்கே போகாமல் இருந்தான். வலைத்தளத்தில் பார்த்து மூன்று வகை எண்ணெய், இரண்டு வகை ஷாம்பு வாங்கினான். முடி நடும் மையம் ஒன்றுக்கும் போனான். அங்கே சிரித்த முகத்தோடு ஒரு பெண் அவன் நெற்றியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, "இங்கேருந்து ஆரம்பிச்சா பத்து வயசு குறையும் சார்" என்றாள். இருபத்தாறில் பத்துப் போனால் பதினாறு. அந்த வயதிலும் இந்தத் தலைக்குள் பென்சில் நின்றது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினான். கோடு இரண்டு நாள் அழியவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

அம்மா சின்ன வெங்காயத்தை அரைத்துப் பிழிந்த சாற்றைத் தலையில் தேய்த்துவிட்டாள்.

"அம்மா, பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் எழுந்து போறான்மா."

"போனா போகட்டும். உனக்குச் சீட்டு தாராளமா இருக்குமில்ல."

"விளையாடாதம்மா."

"உங்கப்பாவுக்கு முப்பத்தஞ்சுலதான் ஆரம்பிச்சுது. நீ எல்லாத்துலயும் அவசரம்" என்று சொல்லி, விரல் நுனியால் அந்த இடத்தைச் சுற்றித் தேய்த்தாள். அந்த விரல்கள் மெதுவாகப் போவதை அவனால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில்தான் தோல் மருத்துவரிடம் போனான். அந்த அம்மாள் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஆறுதலும் சொல்லவில்லை, ஆசையும் காட்டவில்லை. "பரம்பரை. இருக்கறதைக் காப்பாத்தறதுதான் முதல் வேலை. போனதுல கொஞ்சம் திரும்பினா லாபம்னு வெச்சுக்கோங்க." காலையும் மாலையும் தலையில் விட்டுக்கொள்ள ஒரு மருந்து எழுதினார். "ஆரம்பத்துல இன்னும் கொஞ்சம் கொட்டும். பயந்து நிறுத்திடாதீங்க."

"கொட்டறதுக்கா டாக்டர் மருந்து?"

இந்தக் கேள்வியை அவர் பல தடவை கேட்டவர் போலிருந்தது. "வாரம் ஒரு போட்டோ எடுங்க. அதே இடம், அதே வெளிச்சம். தினம் தினம் பார்த்துக்கிட்டு இருந்தா பைத்தியம்தான் பிடிக்கும்."

ஞாயிறுதோறும் குளியலறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, கைபேசியைத் தலைக்கு மேல் பிடித்துப் படம் எடுத்தான். முதல் எட்டு வாரம் படங்களைப் பார்த்தபோது, மருந்துக்கடைக்காரன் சீட்டை மாற்றிப் படித்துவிட்டானோ என்றே தோன்றியது.

கடையில் அவனுக்கு ஜோடி, ஏணி என்று பெயர் வாங்கிய ஓர் அண்ணன். ஆறடி இரண்டங்குலம். மற்றவர்கள் முக்காலி தேடும் உயரத்தை இவர் கை நீட்டியே தொடுவார். பதினெட்டு வருடம் இதே தொழில். வெளிவேலைக்குப் போனால், ஒருவன் ஏறிக் கேமராவைத் திருப்ப, இன்னொருவர் கீழே ஏணிக்கால் வழுக்காமல் மிதித்துக்கொண்டு, திரையைப் பார்த்து "மேல, மேல, கொஞ்சம் கீழ, ஆங்" என்று குரல் கொடுப்பது வழக்கம். சுருட்டை ஏறும்போதெல்லாம் மிதித்துக்கொண்டு நின்றது அவர் கால்தான். வாயும் அவருடையதுதான்.

"டேய் சுருட்டை, மூணாம் நம்பர்ல வெளிச்சம் கண்ணக் கூசுது. கொஞ்சம் நிமிந்து உக்காரேன்."

"போங்கண்ணே."

"கோச்சுக்காதடா. கரண்டு போனா ஊருக்கே நீதான்."

தலை நிறைய முடி வைத்திருக்கிறவர் பேசுகிற பேச்சு. ஆனால் அவர் முகத்துக்கு நேரே பேசினார். மற்றவர்கள் உச்சியைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்கள். இதில் எது தேவலாம் என்று சுருட்டைக்கு அப்போது தெரியவில்லை.

பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அறுபது கேமரா வாங்க மூன்று பேர் வந்த நாளில் ஏணி வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். முன்கூடத்துக்குத் தேநீர் எடுத்துப்போன சுருட்டை, கதவுக்குப் பின்னால் இருந்தே முதலாளியின் குரலைக் கேட்டான். பத்து நிமிடத்துக்கு முன் பதிவான படத்தை ஓட்டி, பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். டிவி முழுக்க ஒரு தலை.

"தெளிவு எப்படி, பாருங்க. ஒவ்வொரு முடியா எண்ணலாம் சார்."

"இருந்தாத்தானே எண்ணறதுக்கு" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அறுபது கேமரா வாங்குகிறவர் சொன்னது, சிரிக்காமல் இருக்க முடியுமா. சுருட்டை தேநீரை வைத்தான். அதைச் சொன்னவர் அவனை நிமிர்ந்து பார்த்து, "தேங்க்ஸ் தம்பி" என்றார். அடையாளம் தெரியவில்லை. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் வேறு ஆள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், அவர் விட்டுப்போயிருந்த ஏணியைச் சாத்தி, மிதித்துக்கொள்ள ஆளில்லாமலே ஏறினான். ஒரு திருகாணி. கேமராவை ஒரு சாண் ஜன்னல் பக்கம் திருப்பி இறுக்கினான். கோணம் மாற்றினால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் திரையைப் படம் எடுத்து வைப்பது இந்தத் தொழிலில் ஊறிய பழக்கம். பின்னால் தகராறு வராது. கை தானாகவே இரண்டு படத்தையும் எடுத்தது. இரண்டாவது படத்தில் மேசை இல்லை, அவன் உட்காரும் நாற்காலி இல்லை. ஜன்னலும் காலண்டரும் இருந்தன. மேசையோடு சேர்ந்து அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகளும் காணாமல் போயிருந்தன. அதை அவன் கவனிக்கவில்லை. கேமரா வேலை தெரிந்தவன் முதலில் பார்க்க வேண்டியது எதைக் காட்டாது என்பதை. தலை தெரிகிறதா என்று மட்டுமே அவன் பார்த்தான்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு என்று வாங்கி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த ஹார்டு டிஸ்க் பெட்டி இல்லை. முதலாளி முன்கூடத்து டிவியில் மூன்றாம் கேமராவைப் போட்டார். ஜன்னலும் காலண்டரும் தெரிந்தன. நாள் முழுக்க ஓடுகிற டிவியில் அந்தக் கட்டம் மாறியதை அதுவரை யாரும் கவனித்திருக்கவில்லை. பின்னோக்கி ஓட்டினார். ஜன்னல், காலண்டர். மற்ற கேமராக்களில் வந்தவர் போனவர் கையிலெல்லாம் ஏதோ ஒரு பெட்டி. கடைக் கேமராக்களின் பதிவு ஏழு நாள்தான் நிற்கும், அதற்குமேல் தானாக அழிந்துவிடும். ஏழு நாளும் ஜன்னலும் காலண்டரும்தான்.

"திட்டம் போட்டுத் திருப்பியிருக்கான்" என்றார் முதலாளி. "இந்த உயரத்துக்குக் கை எட்டறவன் இங்க ஒருத்தன்தான். போன ஞாயித்துக்கிழமை சாவி வாங்கிட்டுத் தனியா வந்தவனும் ஒருத்தன்தான்."

"ஏணி எடுக்க வந்தேன் முதலாளி. சொல்லிட்டுத்தானே வந்தேன்."

"ஏணி எடுக்க வந்த ஏணி" என்று முதலாளி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. "பெட்டி கெடச்சதும் வா. அதுவரைக்கும் வீட்ல இரு."

பதினெட்டு வருடத்து ஆள் அங்கிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சுருட்டையிடம் வந்தபோது அவன் குனிந்துகொண்டான். குனிந்தால் என்ன தெரியும் என்பதும் அந்த நேரத்தில்கூட அவன் நினைவில் வந்தது.

சொன்னால் தன் மேல் சந்தேகம் திரும்பும், வேலை போகும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டான். அது பாதி நிஜம். மீதிப் பாதியை நினைத்தாலே காது சூடேறியது. ஏன்டா திருப்பினே என்று கேட்பார்கள். அத்தனை பேர் முன்னால் அவன் வாயால் பதில் வர வேண்டும்.

சனிக்கிழமை ஏணி போனில் கூப்பிட்டார். "நீயாவது நம்புறியாடா?"

"நம்பறேண்ணே."

"வீட்ல யாரும் ஒண்ணும் கேக்கல. அதுதான் தாங்கல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இடையில் ஒரு ஞாயிறும் வந்தது. குளியலறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தான். போன வாரத்துப் படத்தோடு ஒப்பிட்டான். மறுபடி ஒப்பிட்டான். உச்சியின் ஓரத்தில் பூனைமுடி போல் சன்னமாக ஏதோ முளைத்திருந்தது. ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், அவன் சந்தோஷமாக இருந்தான். பிறகு ஏணியின் நினைவு வந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

திங்கள்கிழமையும் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, போலீசுக்கு எழுதப்போவதாக முதலாளி சொன்ன பிறகுதான் முன்கூடத்தில் போய் நின்றான். பில் போடும் அக்காவும் இரண்டு விற்பனைப் பையன்களும் அங்கே இருந்தார்கள்.

"கேமராவைத் திருப்பினது நான்தான் முதலாளி."

"என்னது?"

"பெட்டியை நான் எடுக்கல. கேமராவை மட்டும் திருப்பினேன். என் தலை தெரியுதுன்னு."

முதலாளி புரியாமல் பார்த்தார். "தலை தெரிஞ்சா என்ன?"

"முடி... இல்லாதது தெரியுதுல்ல."

பையன்களில் ஒருவன் தும்முவது போல் ஏதோ செய்தான். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. "பொய் சொல்றதா இருந்தா ஒழுங்கா ஒண்ணு சொல்லுடா. மசுருக்காக எவனாவது கேமராவைத் திருப்புவானா? அவனைக் காப்பாத்த வர்றியா?"

சுருட்டை கைபேசியைத் திறந்து, அந்த இரண்டு படங்களையும் காட்டினான். திரையின் மூலையில் தேதியும் நேரமும் இருந்தன. ஏணி வெளியூரில் இருந்த நாள். முதலாளி இரண்டாவதைப் பார்த்துவிட்டு விரலால் அடுத்ததற்குத் தள்ளினார். உச்சந்தலை. அடுத்தது. உச்சந்தலை. பின்னோக்கித் தள்ளினார். அதே ஜன்னல், அதே வெளிச்சம், அதே தலை. விரல் முதலில் வேகமாகப் போனது, பிறகு மெதுவாக, பிறகு நின்றது. பில் போடும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள். தும்மியவனும் தரையைப் பார்த்தான்.

நம்பிவிட்டார்கள். நம்பாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"போடா" என்றார் முதலாளி, கைபேசியைத் திருப்பிக் கொடுத்து. "போய் வேலையப் பாரு." அவ்வளவு பதமாக அவர் அதுவரை அவனிடம் பேசியதே இல்லை.

பெட்டி அன்று மாலையே கிடைத்தது. முதலாளியின் மைத்துனர் வேறொரு வேலைக்கு அவசரமாக எடுத்துக்கொண்டு போய், வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் மறந்திருந்தார். முதலாளி ஏணிக்குப் போன் போட்டு, "ஒரு தப்பு நடந்துபோச்சு, நாளைக்கு வந்துடு" என்றார்.

மறுநாள் வந்தார். வேலைக்கு இல்லை. கடையில் இருந்த ஏணி அவருடைய சொந்த ஏணி, அதை எடுத்துக்கொண்டு போக. சரக்கறைக்குள் வந்து அதை மடக்கியபடி, "நீதான் திருப்பினேன்னு முதலாளி சொன்னாரு" என்றார்.

"ஆமாண்ணே."

"எப்ப சொன்னே அவர்கிட்ட?"

"நேத்து காலைல."

அவர் மனதுக்குள் நாட்களை எண்ணியது முகத்தில் தெரிந்தது. "சனிக்கிழமை நான் போன் பண்ணப்ப உனக்குத் தெரியும்."

சுருட்டை மேசைமேல் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"நான் கிண்டல் பண்ணதுனாலயா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

"அதுனாலன்னாக்கூடப் பரவால்ல." மடக்கிய ஏணியைத் தோளில் ஏற்றினார். கதவருகே நின்று அவன் தலையைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று சுருட்டை காத்திருந்தான். என்னவாக இருந்தாலும் சரி, கரண்டு என்றோ பல்பு என்றோ. அவர் கண்ணை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதன் பிறகு கடையில் யாரும் அவன் முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுருட்டை என்று கூப்பிடுவதும் நின்றது. "தம்பி" என்றார்கள், நோயாளியைக் கூப்பிடுவது போல. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவன் படம் எடுக்கவில்லை.

திங்கள்கிழமை முதலாளி மூன்றாம் கேமராவைப் பழையபடி திருப்பச் சொன்னார். புது ஏணி இன்னும் வாங்கவில்லை. மேசைமேல் நாற்காலி போட்டு ஏறினான். நாற்காலி ஆடியது, மிதித்துக்கொள்ளக் கால் இல்லை. முதலாளி முன்கூடத்திலிருந்து திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கீழ. இன்னும் கீழ. அலமாரி வந்துடுச்சு. கொஞ்சம் இடது பக்கம்."

திருப்பினான்.

"இறங்கி உன் சீட்ல உக்காரு, பாக்கலாம்."

உட்கார்ந்து குனிந்தான். கூடத்தில் வாடிக்கையாளர்கள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

"ஆங், தலை முழுசாத் தெரியுது. போய் அப்படியே இறுக்கு."