பரிசத் தட்டில் அம்பர் மாலை

பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த மறு ஆண்டு, திருச்சுழியில் பொன்னுத்தாயின் வாடகை வீட்டில் அவள் மகள் தங்கம்மாளுக்குப் பரிசம் போட வந்தார்கள். அகதி வீட்டுப் பெண்ணுக்கு இன்னொரு சம்பந்தம் எளிதில் வாய்க்காது என்பதைப் பொன்னுத்தாய் அறிவாள். ஆகவே, கொண்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த அம்பர் மாலையையும் தட்டில் வைத்திருந்தாள். மற்ற நகைகள் எல்லாம் பர்மாவிலேயே பறிபோயிருந்தன.

மாப்பிள்ளையின் தகப்பனார் சௌந்தரபாண்டியன் அருப்புக்கோட்டைப் பஞ்சு வியாபாரி. உலகில் உள்ள சகல பொருள்களையும் தாம் அறிவதாக அவருக்கு ஓர் எண்ணம். பெண் வீட்டு நகைகளைச் சபையில் சோதித்துப் பார்ப்பது அவர் குடும்ப வழக்கம்.

மாலையைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். "என்னம்மா, காத்தாப் பறக்குது! கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?"

"அம்பர், அண்ணாச்சி. எங்க அம்மா போட்டிருந்தது."

"கல்லுன்னா தீயில நிக்கணும்ல?"

பொன்னுத்தாய் தடுப்பதற்குள் அவர் கடைசி மணியைக் கழற்றிக் குத்துவிளக்கில் காட்டிவிட்டார். மணி உருகிப் புகைந்தது. கூடமெங்கும் குங்கிலிய மணம் பரவியது.

"பாத்தீகளா, எரியுது! போலி!" என்று அவர் வெற்றி முழக்கமிட்டார்.

"அது கல்லே இல்ல அண்ணாச்சி. மரத்துப் பிசினு மண்ணுக்குள்ள கோடி வருசம் கிடந்து இறுகுனது. எரியத்தான் செய்யும்."

"பிசினா? எங்க கருவேலங்காட்டுல வந்து லோடு லோடா அள்ளிக்கோ தாயி!"

சபை சிரித்தது. மாப்பிள்ளை சின்னத்துரையும் சிரித்தான்.

பொன்னுத்தாய் மாலையை வாங்கிச் சேலைத் தலைப்பில் அழுந்தத் தேய்த்தாள். அவர் சட்டையின் அருகே கொண்டுபோனாள். அதில் ஒட்டியிருந்த பஞ்சிழைகள் துள்ளி வந்து மணிகளில் ஒட்டின. சகலமும் அறிந்த பெரியவர் சுவரோடு சாய்ந்து அலறினார். "ஐயோ, பர்மாச் சூனியம்! ஏலே சின்னத்துரை, எந்திரிலே!"

"போலின்னீக, இப்பச் சூனியங்கிறீக. ரெண்டுல எது அண்ணாச்சி?"

அப்போதுதான் பொன்னுத்தாய்க்கு, தான் இத்தனை நாள் எவ்வளவு அற்பமான சம்பந்தத்தை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தோம் என்பது தெளிவாயிற்று. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கிளம்புங்க. எரிச்சுப் பாத்துத்தான் ஒண்ண நல்லதா கெட்டதான்னு அறியிற வீட்டுல, எம் மக அடுப்பங்கரையில நிக்கமாட்டா."

அவர்கள் வேனில் ஏறினார்கள். தங்கம்மாள் அம்பர் மாலையைத் தானே கழுத்தில் அணிந்துகொண்டு, வந்தவர்கள் தொடாமல் விட்டுப்போன பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.