மூன்றாம் முறை பச்சைத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு விலாசத்திலிருந்து வந்தது. வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் எங்கள் சுரங்கப் பள்ளத்தாக்கில் ஒரு தெருவுக்கு என் அப்பாவின் பெயர். ஓனோஃப்ரே தெரு. பதினோராம் எண் வீட்டில் எதெல்வீனா தனியாக இருக்கிறாள். எண்பத்திரண்டு வயது. அவள் கணவன் ஆர்ஹிமீரோவைக் கொன்றது என் அப்பா. அவளுக்கு வருகிற மின்கட்டணச் சீட்டு, மருத்துவமனைக் கடிதம் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் அச்சாகி வருகிறது.

'கொன்றது' என்ற சொல்லை மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் திரும்ப எழுதினேன். எந்தச் சட்டத்திலும் அது கொலை இல்லை. அதனால்தான் துப்பறியும் நாவலாக எழுத உட்கார்ந்தேன். அதில் கொலைகாரன் ஒருத்தன்தான். அவன் பிடிபட்டதும் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

2

முதல் தொடக்கம்: "நலோன் ஆற்றில் பிணம் ஒதுங்கியபோது துப்பறிவாளர் பெலார்மினோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், அதனால் அவர் கண்ணீரை யாரும்..." வெறும் கெட்டிக்காரத்தனம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "கட்சி மேலிருந்த தடை நீங்கிய அதே வசந்தத்தில், கட்சி தன் முதல்..." இதை என்னால் முடிக்க முடியவில்லை.

மூன்றாவதில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆர்ஹிமீரோ சுரங்கத்தில் கூரை சரியாமல் மரமுட்டு கொடுக்கிறவன். கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த தலைமறைவுக் காலத்தில் அதன் கூட்டங்களுக்கு அவன்தான் சமையல். யாருக்கோ பிறந்தநாள் என்று சொல்லித்தான் ஆட்கள் கூடுவார்கள். விருந்து உண்மையாக இருந்தால்தான் பொய் நிற்கும். வெள்ளை மொச்சை, பன்றிக் கொழுப்பு, ரத்தம் அடைத்த தொத்திறைச்சி, ஒரு சிட்டிகை குங்குமப்பூ. கூட்டத்துக்கு வராதவர்கள்கூடச் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பார்களாம்.

எழுபத்து நான்கு நவம்பரில் ஒரு மதியம். சரிவின் மேலே இருந்த தானியக் களஞ்சியத்தில் கூட்டம். என் அப்பாவோடு சேர்த்து ஏழு பேர். ஆர்ஹிமீரோ கீழே வீட்டில், பானையோடு. காவலர்கள் வந்து ஏழு பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆர்ஹிமீரோவின் வீட்டைத் தாண்டித்தான் போனார்கள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு பேருக்கு இரண்டு வருடம். அப்பா பதினோரு நாளில் வெளியே வந்தார். நல்ல வக்கீல் என்றார்கள்.

(*அடியில் போடவேண்டிய குறிப்பு. இடம் இல்லாததால் இங்கே: மொச்சை கொதி வந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொதியை அடக்க வேண்டும். மூன்று முறை. எங்கள் பக்கம் அதை 'பயமுறுத்துவது' என்போம். அப்போதுதான் தோல் கிழியாமல் உள்ளே வெண்ணெயாகும். அதுவரை பானையை விட்டு நகரக் கூடாது. இது இங்கே குழந்தைக்கும் தெரியும். அப்படியும் அந்த ஆறு பேர் சிறையில் உட்கார்ந்து, "அவன் மட்டும் ஏன் வரல?" என்று இரண்டு வருடம் யோசித்தார்கள்.)

3

தடை நீங்கியதும் விருந்து வைத்தார்கள். சமையல் வழக்கம்போல ஆர்ஹிமீரோ. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் கைச் சமையல் வேண்டியிருந்தது.

ஆப்பிள் கள்ளுக்கு ஒரு புட்டி, ஒரே கோப்பை. ஊற்றுகிறவர் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, தொடையருகே சாய்த்துப் பிடித்த கோப்பையில் ஒரு மடக்கு விழவைப்பார். நுரை அடங்குமுன் குடிக்க வேண்டும். வாய் வைத்த விளிம்பு வழியாகவே கடைசிச் சொட்டைத் தரையில் வீசிக் கழுவிவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தர வேண்டும். அடுத்தவனுக்கும் அதே கோப்பை. அன்று இருபது பேர். ஊற்றியது ஓனோஃப்ரே.

கோப்பை ஆர்ஹிமீரோவின் இடதுபக்கத்து ஆளுக்குப் போனது. பிறகு வலதுபக்கத்து ஆளுக்குப் போனது.

"டேய் ஓனோஃப்ரே, வயசாயிருச்சா? எண்ணிக்கை தப்புதே" என்று சிரித்தான் ஆர்ஹிமீரோ.

ஓனோஃப்ரே அடுத்த புட்டியைத் திறந்தார். மறுபடியும் சுற்று போனது. மறுபடியும் அவனைத் தாண்டியது.

"தோழர், எனக்கும் தொண்டை இருக்கு."

மேசையின் கோடியிலிருந்து ஒருவன் சொன்னான்: "சமையக்காரன் பானையப் பாத்துக்கட்டும். அவனுக்கு அதான் பாதுகாப்பு."

சிலர் சிரித்தார்கள். ஓனோஃப்ரே சிரிக்கவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ஆர்ஹிமீரோ கடைசிவரை உட்கார்ந்திருந்தான். எல்லோரும் போனபின் பானையைத் தேய்த்துக் கவிழ்த்தான். ஒன்பதாம் நாள் நலோன் ஆற்றில், நிலக்கரி கழுவிய கறுப்புத் தண்ணீரிலிருந்து அவனைப் பிணமாக எடுத்தார்கள். சமையல் துணி வீட்டில் மடித்து வைத்திருந்தது.

4

போன மார்ச்சில் எதெல்வீனா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஓனோஃப்ரே மகனே, நீ ஏதோ கொலைக்கதை எழுதுறியாமே?"

"முயற்சி பண்றேன்."

"கட்சிப் பத்திரிகைய இங்க எவனும் படிக்கல. கொலைன்னா படிப்பானுங்க. உக்காரு, ஒண்ணு சொல்றேன். களஞ்சியத்துல ஏழு பேரையும் புடிச்ச அன்னிக்கு என் வீட்டுக்காரன் பானையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டான்டா. வாசல்ல உங்கப்பன் வந்து நின்னான். மூடியத் திறந்து ஒரு மொச்சைய வாயில போட்டான். 'இன்னும் வேகல ஆர்ஹிமீரோ. இன்னொரு தடவ பச்சத்தண்ணி ஊத்து, அரைமணி கழிச்சு வா'ன்னுட்டு மேல போயிட்டான்."

"வேகலியா?"

"மூணு தடவையும் ஊத்தியாச்சு. நானும் அந்தப் பானையிலதான் சாப்பிட்டேன். நாக்கால அழுத்துனா கரையுது."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"அவன் விடல. 'ஓனோஃப்ரேக்கு என்னிக்குடீ ருசி தெரிஞ்சிருக்கு'ன்னு சிரிச்சான். தோழனக் காட்டிக் குடுக்கறதாமே அது! அவன் போனப்புறம் சொன்னேன். புருஷன் செத்த துக்கத்துல புலம்புறான்னாங்க. நீ எழுது. அவன வீட்டுல யாரு இருக்கச் சொன்னதுன்னு பேரோட எழுது. என் வீட்டுக்காரன் காட்டிக் குடுக்கலன்னு ஒரு தடவை அச்சுல வரட்டும்."

5

ஆகவே பெலார்மினோவை அனுப்புகிறேன். (அவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார், எந்தத் துக்கமும் அவர் எடையைக் குறைத்ததில்லை. ஆனால் நான் கேட்கமுடியாததை அவர் கேட்பார். என் அப்பா செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.)

மதியம். கள்ளுக்கடை. பெலார்மினோ குடல் குழம்பில் ரொட்டியைத் தொட்டார். எதிரே ஓனோஃப்ரே தட்டைத் தொடவில்லை. பசியில்லாதவன் பொய் சொல்லப்போகிறான் என்று பெலார்மினோவுக்குப் பட்டது. பிறகு, பசியில்லாதவன் உண்மையும் சொல்லலாம் என்று தோன்றி எரிச்சலானார்.

"ஆர்ஹிமீரோவப் பானையோட இருக்கச் சொன்னது யாருங்க?"

"அது எதுக்கு இப்ப? செத்தவன நிம்மதியா விடுங்க."

"செத்தவன் நிம்மதியாத்தான் இருக்கான். நீங்கதான் சாப்பிட மாட்டேங்கறீங்க. போலீஸ் வர்றது தெரிஞ்சு அவன மட்டும் காப்பாத்தப் பாத்தீங்களா? இல்ல, நெசமாவே வேகலன்னு நெனச்சீங்களா?"

ஓனோஃப்ரே தட்டைத் தள்ளிவைத்தார். வாயைத் திறந்தார்.

"நான்..."

ஐந்து மாதமாக இந்த இடத்தில் நிற்கிறேன். அப்பா வாயில் எதை வைத்தாலும் என் குரலாகத்தான் வருகிறது. தெரிந்தே சொன்னாரா, ருசி தெரியாமல் சொன்னாரா, எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: அந்த விருந்தில், புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி நின்றபோது, "நான்தான் இருக்கச் சொன்னேன்" என்ற மூன்று சொல் அவரிடம் இருந்தது. சொல்லியிருந்தால், பதினோரு நாளில் நீ எப்படி வெளியே வந்தாய் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் கேட்கவில்லை. பெலார்மினோ கைது செய்ய ஆள் தேடினால் இருபது பேர் அகப்படுகிறார்கள்.

6

நேற்று மதியம் கைப்பிரதியோடு பதினோராம் எண்ணுக்குப் போனேன். முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவில் ஓனோஃப்ரே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுகிறார்.

"உங்கப்பன் அழமாட்டான். அடுத்தது."

இரண்டாவதில் காட்டிக்கொடுத்தவன் வெளியூர் ஆள் ஒருவன். நம் ஆட்கள் அத்தனை பேரும் சுத்தம்.

"நல்லாத்தான் இருக்கு. தெருப் பேர மாத்த வேணாம் பாரு."

மூன்றாவதில் விடை இல்லை. பெலார்மினோ சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகிறார். இலக்கியத்தரமான முடிவு.

எதெல்வீனா எழுந்து அடுப்பருகே போனாள். பானை ஒன்று காலையிலிருந்தே இருந்திருக்கிறது; நான் கவனிக்கவில்லை. மூடியைத் திறந்து, கரண்டியில் ஒற்றை மொச்சையை எடுத்து ஊதி, என் வாயருகே நீட்டினாள்.

"வாயத் தொற. வெந்திருச்சான்னு சொல்லு."

"அம்மா, நான் சமையல்ல..."

"உங்கப்பனுக்கும் தெரியாதுன்னுதான் என் வீட்டுக்காரன் நம்புனான். தின்னுட்டுச் சொல்லு."

வாங்கிக்கொண்டேன். கரண்டியைக் கீழே வைக்காமல் என் முகத்தைப் பார்த்து நின்றாள். நாக்கால் அழுத்தினேன்.

அடுத்த வரி ஒரே சொல். அதை அவளிடம் சொன்னால், சமையல் தெரியாத நாக்குக்கும் பதம் தெரியும் என்றாகிவிடும்; மூன்று முடிவுகளையும் கிழித்துவிட்டு, அப்பாவின் பேரைப் போட்டு எழுத வேண்டும். சொல்லாவிட்டால் நானும் ஒரு கோப்பையை அவளைத் தாண்டி நகர்த்தியவன் ஆவேன். அந்த வரிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். மொச்சை எப்படி இருந்தது என்று இவ்வளவு தூரம் படித்த உங்களுக்குத் தெரியும். பேனாவை எடுங்கள்.

"வாயில வச்சுக்கிட்டு என்னடா யோசனை?" என்றாள் எதெல்வீனா. "சொல்லு."

நான் சொன்னேன்: "..............."