இடது பக்கத்தை யாரும் கேட்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எல்லோருடைய இடது பக்கமும் கிளம்பிப் போய்விட்டது. அம்சவேணி ஆச்சரியப்படவில்லை. விடிந்ததிலிருந்தே அவளுக்குக் கொட்டாவி வந்துகொண்டிருந்தது. கொட்டாவி வந்தால் பின்னாலேயே இதுவும் வரும்.

பனியன் கம்பெனியில் செக்கிங் அவள் வேலை. டியூப்லைட் வெளிச்சத்தில் பனியனை விரித்துப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினாறு வருஷமாக ஓட்டை பார்த்து அலுத்த கண். முதலில் பனியனின் ஓரம் ரம்பம்போல் பல் பல்லாக மினுங்கியது. அப்புறம் மேஜையில் பாதியைக் காணோம். சூப்பர்வைசர் மாசிலாமணி வந்து நின்றார். அவருக்கு ஒரு கண், அரை மூக்கு, அரை மீசை. சட்டையில் பை இல்லாத பக்கம் மட்டும் வேலைக்கு வந்திருந்தது.

"என்னம்மா, தலைவலி வந்துருச்சா?" என்றார் அரை வாயால்.

"இன்னும் இல்ல சார். இருபது நிமிஷம் ஆகும்."

"அப்ப அந்த பண்டல முடிச்சிடலாம்."

மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. போன வாரம் தனக்கும் தலை கனக்கிறது என்று அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அம்சவேணிதான் தன் மாத்திரை அட்டையில் ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். தாங்க முடியாதபோது போட்டுக்கொள்கிறேன் என்று சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். அந்த நன்றியும் சட்டைப் பையோடு போய்விட்டது போலிருக்கிறது.

ஒற்றைத் தலைவலிக்கு டாக்டர் பத்மாசனி தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். கண் மினுங்கும்போது போட வேண்டாம். வலி ஆரம்பித்ததும் போட்டுவிட வேண்டும், பொறுத்துப் பார்க்கிறேன் என்று உச்சிக்கு ஏற விடக் கூடாது. ஒன்று போட்டுக் கேட்காவிட்டால் அதே வலிக்கு இன்னொன்று கூடாது. மாதத்தில் பத்து நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாத்திரையே தலைவலியைக் கூட்டிவந்து வீட்டோடு வைத்துவிடும். இதெல்லாம் அம்சவேணிக்கு மனப்பாடம். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றும் டாக்டர் சொன்னார். அதை மட்டும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

பர்ஸைத் திறந்தாள். மாத்திரை இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. கடைசி மாத்திரையைக் காலையில் நாத்தனாருக்குக் கொடுத்திருந்தாள். நாத்தனார் கோமளவல்லி, அவள் புருஷனின் அக்கா. பெண்ணுக்கு வரன் பார்க்க நாலு நாள் தங்க வந்தவள், எழுந்ததிலிருந்து தலை இடிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தாள். நம்மிடம்தான் நல்ல மாத்திரை இருக்கிறதே என்று அம்சவேணி எடுத்துக் கொடுத்தாள். எனக்கு நன்றாகக் கேட்கும், உங்களுக்கும் கேட்கும், சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்றாள். கோமளவல்லி பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவள். ஒரு நிமிஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அரை நாள் லீவு கேட்டாள். மாசிலாமணி ஒரு கையால் எழுதிக் கொடுத்தார்.

கம்பெனிக்கு எதிரே மெடிக்கல் ஷாப். கடைக்காரருக்கும் வலது பக்கம் மட்டும்தான் இருந்தது. மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டார். அம்சவேணிக்குத் தெரியவில்லை. டாக்டர் சீட்டு வீட்டில் பீரோவில் இருக்கிறது. வெள்ளையாக, வட்டமாக இருக்கும் என்றாள். இந்தக் கடையில் இருக்கிற எல்லாமே வெள்ளையாக வட்டமாகத்தான் இருக்கிறது என்றார் அவர்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் அட்டையைக் கத்தரிக்கோலால் நாலு நாலாக வெட்டிக் கொடுப்பவர் அவர்தான். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற வால் பக்கம் ஒருநாளும் அம்சவேணிக்கு வாய்த்ததில்லை.

"வெட்டுன பேரெல்லாம் மேல இருக்குங்க," என்றார். "பெயர்ப் பிரிவு. போய் வாங்கிட்டு வாங்க."

அந்தக் கடைக்கு மாடி கிடையாது. அம்சவேணி படியேறினாள்.

மேலே ஒரு நடைபாதை. பார்த்தால் பத்தடி இருக்கும். நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. தலைக்கு மேலே வரிசையாக டியூப்லைட். பழக்க தோஷம், ஒவ்வொன்றையும் அண்ணாந்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தபடியே போனாள். நாற்பது டியூப்லைட். மூன்றில் ஓட்டை இருந்தது. நாற்பதாவதில் இடது புருவத்துக்குப் பின்னால் வலி ஆரம்பித்தது. இப்போது போட்டிருக்க வேண்டும். போட என்ன இருக்கிறது கையில்?

நடைபாதை ஒரு கூடத்தில் முடிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு இடது பக்கம் உட்கார்ந்திருந்தது. ஒரு கண், ஒரு காது, ஒரு செருப்பு.  கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவர்களின் முகம், அதாவது அரை முகம்.

இரண்டாவது வரிசையில் மாசிலாமணியின் இடது பக்கம் இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தது. சட்டைப் பையில் வெள்ளியாக ஏதோ மின்னியது. அந்தப் பையைத் தட்டிக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தது. அப்புறம் பேசலாம் சார், அவசரம் என்று சொல்லிவிட்டு அவள் கவுண்டருக்குப் போனாள்.

கவுண்டரில் ஒரு அம்மாள். கழுத்தில் கயிறு கட்டிக் கத்தரிக்கோல் தொங்கியது. பின்னால் பெட்டி பெட்டியாக வெட்டுண்ட பெயர்கள். அம்சவேணி விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு படிவத்தைத் தள்ளினாள்.

மூன்றே கேள்வி. வலி யாருடையது? மாத்திரை யாருக்கு எழுதியது? மாத்திரை இப்போது யாரிடம் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் தன் பெயரை எழுதினாள். மூன்றாவதில் நாத்தனார் என்று எழுதினாள்.

அந்த அம்மாள் படிவத்தை ஒரு கண்ணால் படித்தாள்.

"அவங்களக் கேட்டீங்களா?"

"அவங்கதாங்க கேட்டாங்க, தலை வலிக்குதுன்னு."

"அது வலது பக்கம். அது எதை வேணா கேக்கும். இடது பக்கம் அஞ்சாவது வரிசையில உக்காந்திருக்கு."

அஞ்சாவது வரிசையில் கோமளவல்லியின் இடது பக்கம் இருந்தது. ஒற்றைத் தோடு, ஒற்றை மூக்குத்தி, பாதிப் பொட்டு. ஊரிலிருந்து வந்த களைப்பு அதன் முகத்தில் அப்படியே இருந்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தது.

"வா அம்சா," என்றது. "காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன். யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல."

அம்சவேணி மாத்திரை கொடுத்ததைச் சொன்னாள். உங்களுக்கு வேறு ஏதாவது உடம்புக்கு இருக்கிறதா அண்ணி என்று கேட்டாள். இதைக் காலையில் கேட்டிருக்கலாம். கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"இருக்கு. இங்க அடைப்புன்னு ஸ்டெண்ட் வச்சிருக்கு. ரெண்டு வருஷமாச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணி."

"வரன் பாக்கற வீட்ல சொல்ற விஷயமா அது? அம்மாவுக்கு நெஞ்சுல கோளாறுன்னா பொண்ணுக்கும் இருக்கும்பாங்க. அந்த வலது பக்கத்துக்கே நான் ஞாபகப்படுத்தறதில்ல."

அம்சவேணி திரும்பிக் கவுண்டரைப் பார்த்தாள். அந்த அம்மாள் ஒரு பெட்டியிலிருந்து விரலளவு வெள்ளி அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் இருந்தது, தேதி இருந்தது. இந்த மாத்திரை ரத்தக் குழாயைச் சுருக்கும், நெஞ்சில் அடைப்பு வந்தவர்களுக்கு ஆகவே ஆகாது என்றாள். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

பன்னிரண்டு மணிச் சாப்பாடு அம்சவேணிக்கு நினைவு வந்தது.  வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இடது பக்கம் கையைக் காதில் வைத்து, ஹலோ என்றது. கோமளவல்லி எப்போதும் இடது காதில்தான் போன் பேசுவாள். அந்தக் காது இங்கே இருந்தது. வீட்டில் மணி அடிப்பதைக் கேட்க ஆள் இல்லை.

மணி பதினொன்று பத்து.

"வாங்க அண்ணி, போலாம்," என்றாள்.

"மெதுவாத்தான் வருவேன். என்னால ஓட முடியாது."

அதுவும் சரிதான். நெஞ்சு இருப்பது அந்தப் பக்கத்தில். கவுண்டர் அம்மாள் நீட்டிய வெள்ளித் துண்டை இடது பக்கம் முந்தானையில் முடிந்துகொண்டது. அம்சவேணி அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தபோது நாற்பது டியூப்லைட்டாக இருந்த நடைபாதை இப்போது அறுபதாகியிருந்தது. இருபதுக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார்கள். ஒவ்வொரு விளக்கும் அவள் கண்ணுக்குள் புகுந்து மண்டையில் இறங்கியது. இடது பக்கம் தன் முந்தானையால் அவள் கண்ணை மறைத்தபடி நடந்தது. இவ்வளவு நாள் பழகியும் கோமளவல்லி அவளுக்கு இப்படி ஒன்று செய்ததில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் இடது பக்கத்துக்கு அரை டிக்கெட் கிழித்தார். வயசு கேட்கவில்லை. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அம்சவேணி பல்லைக் கடித்தாள். பன்னிரண்டு ஐந்துக்கு வீட்டு நிறுத்தம். இரண்டு மாடிப் படி ஏற வேண்டும். முதல் மாடியில் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டது.

"நீ போ," என்றது.

"நான் சொன்னா அவங்க கேக்க மாட்டாங்க அண்ணி. நீங்க வந்தே ஆகணும்."

எட்டு நிமிஷம் உட்கார்ந்தார்கள். அவசரப்படுத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அந்த எட்டு நிமிஷத்தை அம்சவேணி என்றைக்கும் மறக்கப் போவதில்லை. அப்புறம் எழுந்து மீதிப் படியை ஒவ்வொன்றாக ஏறினார்கள்.

வீட்டில் கோமளவல்லியின் வலது பக்கம் மேஜை முன்னால் இருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டது. தட்டில் மோர் காயத் தொடங்கியிருந்தது. டம்ளரில் தண்ணீர் நிறைந்திருந்தது. வலது கையில் வெள்ளையாக, வட்டமாக மாத்திரை. பிரித்தாகிவிட்டது.

"இப்பத்தான் போடப் போறேன்," என்றது. "நீ என்ன, பாதி நாள்ல வந்துட்ட?"

போடாதீர்கள் அண்ணி என்று அம்சவேணி சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். வலது பக்கம் சிரித்தது. நெஞ்சா, எனக்கா, யார் சொன்னது, தலைவலி மாத்திரைக்கு இவ்வளவு யோசிப்பார்களா என்றது. கை வாய்ப் பக்கம் போனது.

இடது பக்கம் உள்ளே வந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒட்டி உட்கார்ந்தது. பொட்டு முழுசானது. பிறகு இடது கை எழுந்து, வலது கையிலிருந்த மாத்திரையை எடுத்து மேஜைமேல் வைத்தது.

கோமளவல்லி நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவள் கண் இரண்டும் கலங்கியிருந்தன.

"வெளிய சொல்லிடாத அம்சா," என்றாள்.

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லலாம் அண்ணி. சாயங்காலம் போலாம், உங்க தலைவலிக்கும் சேத்து. ரெண்டு பக்கமும் வாங்க."

அம்சவேணி முந்தானை முடிச்சை அவிழ்த்து வெள்ளித் துண்டை எடுத்தாள். மேஜைமேல் கிடந்த பிரித்த அட்டையோடு வைத்துப் பார்த்தாள். வெட்டு வெட்டோடு பொருந்தியது. பெயரைப் படித்தாள், தேதியைப் படித்தாள். பீரோவில் இருந்த சீட்டிலும் அதே பெயர்தான். நாத்தனார் எடுத்துவைத்த தண்ணீரைக் குடித்து மாத்திரையைப் போட்டாள். தாமதம்தான். இந்நேரம் வலி உச்சிக்கு ஏறிவிட்டது, முழுசாகக் கேட்காது. அதற்காக இன்னொன்று தேடப் போவதில்லை. காலண்டரில் இன்றைய தேதியைச் சுழித்தாள். இந்த மாதத்தில் ஏழாவது சுழி.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தாள். கோமளவல்லி ஈரத் துணி கொண்டுவந்து அவள் நெற்றியில் போட்டாள். இரண்டு கையாலும் போட்டாள்.

கண்ணை மூடினால் அந்தக் கூடம் வந்தது. அஞ்சாவது வரிசை காலியாக இருந்தது. இரண்டாவது வரிசை காலியாக இல்லை. மாசிலாமணியின் இடது பக்கம் எழுந்து நின்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. துணியை விலக்காமல் போனைத் தடவி எடுத்து, சூப்பர்வைசரின் செல்லுக்குப் போட்டாள். மாசிலாமணி வலது காதில் பேசுகிறவர். எடுத்துவிட்டார்.

"சார், போன வாரம் குடுத்த மாத்திரையப் போட்டீங்களா?"

"இல்லம்மா. அதைத்தான் தேடிட்டிருக்கேன், தலை ரொம்பக் கனக்குது. பையில வச்சேன். பையவே காணோம்."

"கிடைச்சாலும் போடாதீங்க சார். நான் குடுத்தது தப்பு. உங்க இடது பக்கத்தக் கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அதுகிட்ட பேசியே ரொம்ப வருஷமாச்சும்மா," என்றார். "எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

மெடிக்கல் ஷாப் மாடியில ரெண்டாவது வரிசை சார் என்றாள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவது கேட்டது. அப்புறம் படியேறுகிற ஒற்றைச் செருப்புச் சத்தம். அம்சவேணி போனை வைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.