இடது கண் முதலில்

சினிமாக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் அச்சு. சொந்தப் பெயர் போஸ்டரில் இருந்தது. படப்பிடிப்பில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு காட்சியைத் தூரத்திலிருந்து எடுத்தாலும் கிட்டத்திலிருந்து எடுத்தாலும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோலவே நடிப்பாள். எந்தச் சொல்லில் புருவம் உயர்ந்ததோ அதே சொல்லில் மறுபடியும் உயரும். கண்ணீரும் அப்படித்தான். முதலில் இடது கண்ணில் ஒரு சொட்டு, வசனம் முடியும்போது வலது கண்ணில். கிளிசரின் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரும் மேக்கப்காரரிடம், "ஹீரோவுக்குப் போடுங்க, பாவம், அவர் அழுதா தும்முற மாதிரி இருக்கு" என்பாள். எடிட்டர்கள் அவளுக்குக் கோயில் கட்டாதது ஒன்றுதான் குறை. எந்தத் துண்டை எதோடு சேர்த்தாலும் ஒட்டும்.

இந்த வித்தை வானத்திலிருந்து குதிக்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாக நின்று, "டாக்டர் வராரு" என்று ஒரே வரி பேசும் நர்ஸாகி, கதாநாயகிக்குத் தோழியாகி, அப்புறம்தான் கதாநாயகியானாள். அந்த நர்ஸ் வரியைப் பேசிய அன்று, ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளிடம் வந்தான். "வெளியில லாரி போனா பேச்சை நிறுத்திடுங்க. சத்தம் அடங்கட்டும். அப்புறம் நின்ன இடத்துக்கே போய், முதல்லேருந்து, அதே மூச்சுல சொல்லுங்க. பாதியில தொட்டா ஒட்டாது" என்றான். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சொன்னவனையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

மகள் நடை பழகுவதற்குள் அவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். குழந்தையை அவனுடைய அக்கா தூக்கிக்கொண்டாள். அச்சு படப்பிடிப்புக்குப் போனாள். போனவள் போனவள்தான். விருதுகள் அலமாரி கொள்ளாமல் நிறைந்தன, வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகளுக்கு அவள் விருந்தாளி ஆகிப்போனாள்.

அந்த மகள் இப்போது நிறைமாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருக்கிறான். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரைத்தான் விடுவோம் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மகள் அத்தையின் பெயரைக் கொடுத்துவிட்டாள். அத்தைக்கோ ரத்தம் என்றால் ஆகவே ஆகாது. சினிமாவில் சாயம் பூசிய காயத்துக்கே முகத்தை மூடிக்கொள்கிறவள். மகளுக்கும் அது தெரியும். தெரிந்தும் அத்தையைத்தான் சொன்னாள் என்பதுதான் அச்சுவைச் சுருக்கென்று தைத்தது. அந்த அறையில் தான் இருக்க வேண்டும். கேட்டே தீர்வது என்று நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து, காரில் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "புதுப் படமாம்மா?" என்றார்.

"ஆமா" என்று சொல்லிவைத்தாள். வேறென்ன சொல்வது?

மகள் கூடத்தில் கால்களை ஸ்டூலில் நீட்டி, மடியில் குழந்தைத் துணிகளைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். அத்தையிடம் உரிமையாக "நீ, வா, போ" என்பவள், பெற்றவளிடம் எப்போதும் மரியாதையோடுதான் பேசுவாள். அடுப்படியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்து முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அச்சுவின் படங்களை அவளளவுக்குத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உலகத்தில் யாருமில்லை.

"உட்காருங்க" என்றாள் மகள்.

அச்சு உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது அவள் காலுக்கே தெரியும்.

"நான் நல்ல அம்மாவா இருந்ததில்ல. எனக்கு அது தெரியும். நீ காய்ச்சல்ல கிடந்தப்ப, நான் எங்கேயோ, யாரு பெத்த பிள்ளைக்கோ அம்மாவா நடிச்சிட்டிருந்தேன்." நடிச்சிட்டிருந்தேன் என்ற சொல்லில் இடது கண் நிறைந்து வழிந்தது. "இந்த ஒரு தடவை, உன் பக்கத்துல..."

மகளின் கை துணியோடு அப்படியே நின்றது. கண்ணில் லேசாக ஈரம். இன்னும் ஒரு வரி பேசியிருந்தால் காரியம் கனிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து மேல் வீட்டில் யாரோ சுவரில் டிரில்லிங் மிஷினை வைத்தார்கள். கர்ரென்று வீடே அதிர்ந்தது.

அச்சு நிறுத்தினாள். நீட்டிய கையை இறக்கினாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பொறுமையாகக் காத்திருந்தாள். சத்தம் அடங்கியதும் ஜன்னலோரம் நின்ற இடத்துக்கே ஓர் அடி பின்னால் போய், மூச்சை இழுத்து, "நான் நல்ல அம்மாவா இருந்ததில்ல. எனக்கு அது தெரியும்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். காய்ச்சல் வந்தது, யாரோ பெற்ற பிள்ளை வந்தது, நடிச்சிட்டிருந்தேன் வந்தது, இடது கண்ணும் வழிந்தது.

அடுப்படி வாசலில் நாத்தனார் கரண்டியும் கையுமாக நின்றாள். பாவம், கள்ளங்கபடம் இல்லாதவள். "அம்மாடி! ரெண்டாவது தடவையும் அதே இடத்துல கண்ணீர் வந்துது பாரு! சும்மாவா விருது குடுத்தாங்க!" என்று வாய்விட்டுப் பாராட்டினாள்.

தான் செய்தது என்னவென்று அச்சுவுக்கு அப்போதுதான் உறைத்தது. காது இரண்டும் சூடாயின.

மகள் மறுபடி துணியை மடிக்கத் தொடங்கினாள். "போதுமா? இல்ல, கிளோசப்புக்கு இன்னொரு தடவை வேணுமா?"

"நான் வேணும்னு செய்யலம்மா."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. வேணும்னு செஞ்சாக்கூடப் பரவாயில்ல. தானா வருதே! எது நிஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நாத்தனார் தான் பேசியது தப்பென்று புரிந்து கரண்டியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பூனைபோல நழுவி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அச்சு ஜன்னலை விட்டு வந்தாள். உட்கார இடம் தேடினாள். சோபா முழுக்கத் துணி. அதை ஒதுக்கத் தோன்றாமல் தரையில், மகளின் ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளிச்சமும் இல்லை, வசனமும் இல்லை. இப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. கையை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை.

"உன்னை இங்க விட்டுட்டுப் போனப்ப நான் அழுதுட்டே போனேன்னு பேட்டியில சொல்லியிருக்கேன். பொய். கார்ல ஏறினதும் தூங்கிட்டேன். நல்லாத் தூங்கினேன்" என்றாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அங்க போனா, நான் என்ன செய்யணும்னு யாராவது சொல்லிடுவாங்க. இங்க நீ அழுவே. எதுக்குன்னு எனக்குப் புரியாது. உங்க அத்தை தூக்கினா நிறுத்திடுவே. எனக்கு வேலை பிடிச்சிருந்துது. இப்பவும் பிடிக்குது. அது தப்புன்னு சொல்ல வரல. நீ பிறந்த அன்னிக்கு..."

கர்ரென்று மறுபடியும் மிஷின் கிளம்பியது.

அச்சுவின் வாய் ஒரு கணம் தயங்கியது. பழக்கம் லேசில் விடுமா? ஆனால் அவள் நிறுத்தவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளேயே கத்திக் கத்திப் பேசினாள். உங்கப்பா வெளியூர் படப்பிடிப்பில் இருந்தார், எனக்குக் கையைப் பிடிக்க ஆளில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், உன்னைக் கையில் கொடுத்தபோது வாங்கவே பயமாக இருந்தது, அந்தப் பயம் போகவே இல்லை, நீ அந்த மாதிரிக் கம்பியைப் பிடிச்சுக்கக் கூடாது என்று என்னென்னவோ முன்னும் பின்னுமாக வந்தது. சில வார்த்தைகள் இரண்டு முறை வந்தன, சில வரவே இல்லை. குரல் பிசிறியது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை, மூக்குதான் ஒழுகியது. கையில் அகப்பட்ட குழந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

மிஷின் நின்றது.

"என்ன சொன்ன?" என்றாள் மகள். "பாதி கேக்கல."

அச்சு எங்கே ஆரம்பித்தோம் என்று தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. "தெரியலையேம்மா. மறுபடி சொல்ல வரல" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. எந்தக் கண் முதலில் என்று இந்தத் தடவை அவளுக்கே தெரியவில்லை.

மகள் குனிய முடியாமல் குனிந்து, மூக்கு துடைத்த சட்டையை அவள் கையிலிருந்து உருவி, துவைக்க வேண்டியதோடு போட்டாள்.

"அத்தை" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். "நீ வெளியில உட்காந்துக்கிறியா?"

"ரொம்ப சந்தோஷம்!" என்று உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அந்த ரூம்ல நான் நல்லாக் கத்துவேன். சத்தம் வருதுன்னு நீ பேச்சை நிறுத்திடாத."