அண்ணன் பெயரில்

அரைஞாண் கயிற்றை அறுத்தபோதுதான் அந்தச் சாவி விழுந்தது.

வேட்டி மாற்றுவதற்காகக் கோட்டைச்சாமியை நாலு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பங்காளி வகையில் மூத்தவரான ராஜகுரு, இடுப்புக் கயிற்றைக் கத்தரியால் நறுக்கினார். அதில் கோத்திருந்த ஆபீசு அறைச் சாவி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு, காளீஸ்வரனின் கால்மாட்டில் வந்து கிடந்தது. செத்துப்போனவரின் கூடப்பிறந்த தம்பி அவன். எடுக்கலாம் என்று குனிந்தான். அதற்குள் வாசற்படியில் நின்ற மதினி பேச்சியின் குரல் வந்தது.

"அத இங்க குடுங்க மாமா."

ராத்திரியெல்லாம் அழுது கட்டிப்போன தொண்டை. ஆனாலும் அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது. ராஜகுரு சாவியை எடுத்து, காளீஸ்வரன் நீட்டிய கையைத் தாண்டிப் போய் அவளிடம் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சரிதான், இவுகளும் சேர்ந்துதான் செஞ்சிருக்காக என்று காளீஸ்வரன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

அந்தச் சந்தேகம் முளைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கோட்டைச்சாமி திருச்சுழியில் பத்திர எழுத்தர். வீட்டு முன்னறைதான் ஆபீசு. அண்ணனுக்கு ஒரு கம்ப்யூட்டர், தம்பிக்கு ஒரு கம்ப்யூட்டர். எழுதுகிற பத்திரமெல்லாம் அண்ணன் பெட்டிக்குள் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். இரண்டு பெட்டியையும் ஒரு வயர் சேர்த்திருந்ததால், தம்பி தன் மேசையிலிருந்தபடியே அதைத் திறப்பான், எழுதுவான், திருத்துவான். பத்து வருசமாக அப்படித்தான் நடந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு காலையில், கல்லூரணிக்காரர் ஒருவரின் கிரயப் பத்திரத்தில் ஒரு பெயரைத் திருத்திச் சேமிக்கப் போனான். அனுமதி இல்லை என்றது பெட்டி. இன்னொரு பத்திரத்தில் பார்த்தான். அதிலும் அப்படியே. திறந்து படிக்க விட்டது, எழுத மட்டும் விடவில்லை.

பக்கத்து மேசையில் அண்ணன் தலை நிமிராமல் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே தீர்ந்திருக்கும், பாருங்கள். கேட்க மனசு வரவில்லை. இது கை தவறி நடக்கிற காரியம் இல்லை. ஒருத்தர் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் ஒரு ஆளை உள்ளே விடலாம், வெளியே நிறுத்தலாம். அந்தக் கட்டளையெல்லாம் அண்ணனுக்கு எங்கே தெரியும்? மதுரையில் ஒரு மில்லு ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிற அவர் மகள் தங்கலட்சுமிக்குத் தெரியும். நரிக்குடிப் பக்கம் இரண்டு பேருக்கும் பொதுவில் நாலு ஏக்கர் மானாவாரிக் காடு கிடக்கிறது. சோலார் கம்பெனிக்காரன் மூன்று மாதமாக விலை கேட்டுக்கொண்டு திரிகிறான். அண்ணனுக்கு ஒரே பொண்ணு. ஒன்றோடொன்றை முடிச்சுப் போடக் காளீஸ்வரனுக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. தன் வேலையைத் தன் பென் டிரைவில் எழுதி வைத்துக்கொண்டான். நேற்று மத்தியானம் அண்ணனே வாயைத் திறந்தார்.

"ஏலே காளி, கல்லூரணிப் பத்திரத்த முடிச்சிட்டியா?"

"எல்லாம் உங்ககிட்டதான இருக்கு. நீங்களே பாத்துக்கோங்க."

அண்ணன் ஒன்றும் விளங்காதவர் போலக் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். என்ன நடிப்பு என்று நினைத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு, குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

பந்தலுக்குள் ஐஸ் பெட்டி வந்து, அண்ணனை அதில் கிடத்தியாயிற்று. ராஜகுரு பக்கத்தில் வந்தார்.

"காளி, முடி எடுக்க ஆளு வந்துட்டாரு. வந்து ஒக்காரு."

"மருமகன் மாரிக்கண்ணன் இருக்காருல்ல. அவரு வைக்கட்டும் கொள்ளிய."

பெஞ்சியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் இல்லாத வீட்டில் கூடப்பிறந்தவன்தான் தலை முடி எடுத்துக் கொள்ளிக்குடம் தூக்க வேண்டும். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"மாரிக்கண்ணனுக்கு எடுக்கிறதுக்குத் தலையில என்ன இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார். இரண்டு பேர் சிரித்துவிட்டு, சாவு வீடென்று நினைவு வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ராஜகுரு சிரிக்கவில்லை. "செத்தவன்கிட்ட என்னடா ரோசம்?"

"ரோசம் இல்ல பெரியப்பா. என்னைய நம்பாதவுகளுக்கு நான் எதுக்கு நெருப்புத் தூக்கணும்? எனக்கு ஒண்ணு தெரியணும். தெரிஞ்சா ஒக்காருவேன்."

"ரெண்டு மணிக்குத் தூக்கணும். பன்னெண்டுக்குள்ள சொல்லு. இல்லைன்னா மாரிக்கண்ணனத்தான் ஒக்கார வைப்பேன். பெறகு ஊரு வாயி உன்னைய விடாது, ஆமா."

அந்த நேரத்தில்தான் நரிக்குடி பஸ்ஸில் வந்து இறங்கினாள் ஒச்சம்மாள். பத்திரம் எழுத வருகிற வாடிக்கையில் ஒருத்தி. பந்தலுக்குள் நுழைந்ததும் ஐஸ் பெட்டி மேல் கையை வைத்து அழ ஆரம்பித்தாள்.

"உன் தெக்கெல்லைய வடக்கா எழுதிப்புட்டேன் ஒச்சம்மான்னு, வீடு தேடி வந்தீகளே ராசா... மன்னிச்சுக்கத்தான்னு கையப் பிடிச்சீகளே..."

காளீஸ்வரனுக்குச் சுருக்கென்றது. முப்பத்து மூன்று வருசத்தில் அண்ணன் எழுதின பத்திரத்தில் எல்லை மாறினது கிடையாது. அவள் மூக்கைச் சிந்திவிட்டு ஓரமாக உட்காருகிற மட்டும் பொறுத்திருந்து, பக்கத்தில் போனான்.

"எப்பம்மா இது?"

"மாசி கடேசியில. எங்க ஊரு சங்கரம்மா பத்திரத்துலயும் சர்வே நம்பரு மாறிப்போச்சாம்ல. ரெண்டையும் தானே திருத்திக் குடுத்திட்டாக. தம்பி காதுக்குப் போக வேணாம்னு சொன்னாக." சொன்ன பிறகுதான் அவன் யாரென்று பார்த்தாள். "ஆத்தி, நீங்களா தம்பி?"

தம்பி காதுக்குப் போக வேணாம். பெட்டியை மட்டுமில்லை, வாயையும் பூட்டி வைத்திருக்கிறார். இன்னும் என்னென்னதான் மறைச்சு வச்சிருக்காரு என்று நினைத்தான். நேராகப் பெண்கள் கூட்டத்துக்குப் போனான். பேச்சிக்குப் பக்கத்தில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்த தங்கலட்சுமி, அவன் வருகிற வேகத்தைப் பார்த்து, ஆத்தா முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டு எழுந்தாள்.

"உள்ள வாங்க சித்தப்பா. இங்க வச்சு வேணாம்."

ஆபீசு அறைக்குள் இரண்டு பேரும் நுழைந்ததும் அவள் கதவை ஒருக்களித்தாள். வெளியே மாரடித்து அழுகிற சத்தம் கொஞ்சம் தணிந்து கேட்டது.

"இந்தச் சாவியில அப்படி என்ன இருக்கு, ஆத்தாளும் மகளும் முடிஞ்சு வச்சுக்கிட்டீக?"

"நீங்க எதையும் அழிச்சிரக் கூடாதுன்னுதான்."

"நானா?"

"நரிக்குடியில தனி ஆபீசு போடப் போறீகளாம்ல. எல்லாத்தையும் பென் டிரைவுல ஏத்திக்கிட்டுப் போறாருன்னு அம்மா சொல்லுச்சு. காளி ஏன் பேச மாட்டேங்கிறான், ஏன் எழுத மாட்டேங்கிறான்னு அப்பா தெனமும் எனக்குப் போன்ல பொலம்புனாக. நேத்துக் காலையிலயும் சொன்னாக."

"எழுத விடாமப் பூட்டுனது நீ. என்னையவே கேள்வி கேக்கிறியா?"

"நான் பூட்டல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு ஆளு பாக்கலாம், எழுதக் கூடாது, இன்னொரு ஆளு எல்லாம் செய்யலாம், அதுக்கு என்ன அடிக்கணும்னு அப்பா கேட்டாக. போன்லயே எழுத்தெழுத்தாச் சொன்னேன். பேரு அடிக்கிற எடத்துல யாரு பேர அடிச்சாகன்னு நான் கேக்கல. உங்கள எழுத விடாமத்தான் பண்றாகன்னு நெனச்சேன். அப்பா அந்த மட்டுக்குப் போனா, நீங்க என்னமோ செஞ்சிருப்பீகன்னுதான் நெனப்பேன். பெறகு எழுத மாட்டேங்கிறான்னு அப்பாவே பொலம்புனதுதான் எனக்கும் வெளங்கல."

காளீஸ்வரன் அண்ணன் பெட்டியைக் கை காட்டினான். "அப்பத் தெற. யாரு பேருன்னு இப்பவே பாத்துருவோம்."

அவள் அப்பாவின் நாற்காலியை விலக்கிவிட்டு நின்றபடியே பெட்டியைத் திறந்தாள். கறுப்புத் திரை வந்தது. ஒரு வரி அடித்தாள். அந்த ஃபோல்டருக்குள் யார் யாருக்கு என்ன அனுமதி என்று பெட்டி வெள்ளை எழுத்தில் வரிசையாகச் சொன்னது. அவள் வாசித்தாள். முடித்ததும் முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள்.

"என்ன, என் பேருதான?"

"உங்க பேரு இருக்கு."

"பாத்தியா."

"உங்க பேருக்கு முழு அனுமதி சித்தப்பா. எழுத, திருத்த, அழிக்க, எல்லாத்துக்கும்." அவள் விரல் திரையில் ஒரு வரி மேலே ஏறி நின்றது. "எழுதக் கூடாதுன்னு இருக்கிற வரி இது. இது அப்பா பேரு."

"பொய்யி. எழுத விடாம நின்னது என் பெட்டிதான?"

அவள் சட்டென்று திரும்பி அவன் மேசைக்குப் போனாள். அவன் பெட்டியிலும் அதேபோல ஒரு கறுப்புத் திரையைத் திறந்து இன்னொரு வரி அடித்தாள். இந்தப் பெட்டி யார் பெயரைச் சொல்லி அந்தப் பெட்டிக்குள் போகிறது என்று கேட்கிற வரி அது. பதிலாக ஒரே ஒரு பெயர் வந்தது. கோட்டைச்சாமி.

வெளியே யாரோ ஒரு பிள்ளையை அதட்டினார்கள். மேளக்காரர்கள் தோலைச் சூடு காட்டுகிற வாடை ஜன்னல் வழியே வந்தது.

"நான் காலேஜுல படிக்கும்போது ரெண்டையும் சேத்து விட்டேன்ல," என்றாள் தங்கலட்சுமி. "உங்க பேர அந்தப் பெட்டியில ஏத்துனேன். ஆனா இங்கருந்து போகையில உங்க பேரச் சொல்ற மாதிரி செய்யணும். அன்னைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்பா பேரையே இங்க போட்டுட்டுப் போயிட்டேன். பெறகு வந்து மாத்தணும்னு நெனச்சேன். மாத்தல. பத்து வருசமா நீங்க அப்பா பேர்லதான் உள்ள போயிட்டு வந்திருக்கீக. அப்பா தன்னைய எழுத விடாம அடைச்சாக. நீங்களும் சேந்து அடைபட்டுட்டீக."

ஒச்சம்மாள் சொன்னது காளீஸ்வரனுக்குள் மெல்ல இடம் மாறி உட்கார்ந்தது. எழுதின தன் கையையே நம்பாமல், எழுதுகிற வேலையைத் தம்பிக்கு விட்டுவிட்டு, பார்க்க மட்டும் வைத்துக்கொண்ட மனுசன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பக்கத்து மேசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மனுசன். எல்லாம் கொடுத்த பிறகும் இவன் ஏன் எழுத மாட்டேன் என்கிறான் என்று பன்னிரண்டு நாள் விளங்காமல் தவித்திருக்கிறார்.

"நரிக்குடிக் காட்டப் பத்தி ஏதாச்சும் எழுதி வச்சிருக்காகளான்னு உங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கும்," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். "தேடிப் பாத்துக்கோங்க. நான் வெளிய நிக்கிறேன்."

"வேணாந்தாயி. பெட்டிய அமத்திரு."

"அப்பா பேர்ல இருக்கிற அந்த வரிய எடுத்திரவா?"

அவன் அண்ணனின் நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்திப் போட்டான்.

"அவுக போட்டது. இருக்கட்டும்."

அவள் சாவியை அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கதவைத் திறந்து பந்தல் வழியாக, ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பாமல், வேப்பமரத்தடிக்கு நடந்தான். அங்கே மாரிக்கண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் ஒப்புக்கு நின்றிருந்தான். காளீஸ்வரன் வருவதைப் பார்த்ததும் சட்டையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான். ராஜகுரு துண்டை உதறி அவன் தோளில் போட்டார்.

பலகையில் உட்கார்ந்தான். தலையில் தண்ணீர் விழுந்தது. முடி எடுக்க வந்தவர் பிளேடை மாற்றிக்கொண்டு, பின்னங்கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"மீசையும் எடுக்கணுமாண்ணே? தம்பி மொறைக்கு மீசைய விடுறவுகளும் உண்டு."

"எடுத்துரு."

இரண்டு இழுப்பு இழுத்தார். நிறுத்தினார். மறுபடி வைத்து, மறுபடி நிறுத்தினார்.

"ஆடாம இருங்கண்ணே. கத்தி பட்டுரும்."

காளீஸ்வரன் இரண்டு கையையும் மண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டான்.