பிளாஸ்டருக்கு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

கணினிப் பிரிவு அருண்ராஜ் அந்தச் சாமானைக் கையில் வைத்ததும், இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் ஷெர்லிக்கு முதலில் தோன்றியது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கருப்பு மவுஸ். மேசை வேண்டாம், ஒயர் வேண்டாம், டார்ச் லைட் பிடிப்பதுபோலப் பிடித்தால் போதும். மேலே கட்டைவிரலால் உருட்ட ஒரு சின்ன உருண்டை இருந்தது. அதை உருட்டினால் திரையில் அம்புக்குறி நகரும். அதற்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான்.

“அதை அமுக்கினா லேசர் வரும் சிஸ்டர். நோடி, பாருங்க,” என்று அவனே அமுக்கிக் காட்டினான். எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்து, ஆணி அடித்தாற்போல நின்றது. அருண்ராஜுக்கு நல்ல கை. “சனிக்கிழமை மீட்டிங்குக்கு இதான். லேப்டாப் ஹால் மூலையில இருக்கும், ஒவ்வொரு தடவையும் அங்க ஓட முடியாது.”

ஷெர்லி தலையாட்டிவிட்டு வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். மூன்று மாதமாக அந்தக் கைக்கு அதுதான் வீடு.

மைசூரில் அந்த மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் ஷெர்லி பதினேழு வருடமாக நர்ஸ். ஒரு கிலோ எடைகூட இல்லாமல் பிறந்து, கண்ணாடித் தொட்டிலுக்குள் மூச்சுக்குத் தவிக்கிற குழந்தைகளுக்கு மருந்து ஏற்ற வேண்டுமானால் நரம்பில் ஊசி நிற்க வேண்டும். தையல் நூலைவிட மெல்லிய நரம்பு. யாருக்கும் கிடைக்காத நரம்பு ஷெர்லிக்குக் கிடைக்கும். இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லையென்றால் ஷெர்லியைக் கூப்பிடு என்பது அங்கே எழுதாத சட்டம்.

நடுக்கம் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. ரொம்பச் சின்ன நடுக்கம்தான், சும்மா இருக்கும்போது வராது. எதையாவது குறிபார்த்துப் பிடித்தால் வரும். அப்பா மரியராஜின் கையில் கடைசிப் பத்து வருடமும் சாசர் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. அதே சத்தம் ஒரு காலையில் தன் கையிலிருந்து வந்தபோது ஷெர்லி சாசரைக் கீழே வைத்துவிட்டாள். டாக்டரிடம் போகவில்லை. புருஷன் கிரிஸிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வியாதியை மறைக்காதே என்று புத்தி சொல்கிறவளுக்குத் தன் முறை வந்தபோது அந்தப் புத்தி எங்கே போயிற்றோ. கை நடுங்குகிற நர்ஸைக் குழந்தைப் பக்கத்தில் யார் விடுவார்கள்? அந்த அறைக்குள் போக முடியாத ஷெர்லி யார் என்று ஷெர்லிக்கே தெரியாது. அதுதான் அவளுடைய பயம்.

இதிலே இன்னொரு சங்கதியும் இருந்தது. ஒரு குழந்தைக்கு எத்தனை குத்து என்பதை நோட்டில் எழுத வேண்டும். குத்தியது யாராக இருந்தாலும், தொட்டில் யார் பொறுப்போ அவர் பெயரில்தான் எழுதுவார்கள். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை, ஷெர்லியின் கை நன்றாக இருந்தவரையில்.

ஷெர்லியை அதிகம் கூப்பிடுகிறவள் மாதேவி. ஹனூர்ப் பக்கத்துக்காரி, ஒன்பது வருடமாக ஒப்பந்த நர்ஸ். மற்றவர்கள் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். மாதேவி ஊசியைத் தொடுவதற்கு முன்பே வந்து நிற்பாள். “கொழந்தைக்கு ஏனுங்க்கா வீணா வலி? உங்க கை பட்டா ஒரே குத்துங்க.”

அந்த ஒரே குத்து இப்போது மூன்றானது, நான்கானது. ஒரு நாள் ஒரு குழந்தையின் மணிக்கட்டு நசுங்கிய நாவற்பழம்போலக் கறுத்துப்போயிற்று. “நரம்பே சரியில்ல மாதேவி,” என்றாள் ஷெர்லி. மாதேவி அதை நம்பி, நான்கு குத்து என்று தன் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டாள்.

ஆறு மாதக் கணக்கைத் தொகுத்து மீட்டிங்கில் காட்டும் வேலை, வேறு யாரிடமும் போகாமல், ஷெர்லியிடமே வந்தது. யாருக்கும் அவமானம் வேண்டாம் என்று பெயர்களுக்குப் பதில் ஏ, பி, சி, டி என்று போடச் சொல்லியிருந்தார் பிரிவுத் தலைவர் டாக்டர் ஸ்ரீதேவி. போட்டாள். கணினி வரைந்த படத்தில் சி மட்டும் எல்லோருக்கும் மேலே ஒரு முழம் உயர்ந்து நின்றது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “இது யாருன்னு எனக்குத் தெரியும். மீட்டிங் முடியட்டும், அவங்களை அனுப்பிடலாம்,” என்றார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஷெர்லி வாயைத் திறந்தாள். “சரி மேடம்” என்பதுதான் வெளியே வந்தது.

அன்று மத்தியானம் மவுஸை வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் தொங்கிய சர்ச் காலண்டரைப் பார்த்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கையில் கண்ணுக்கே தெரியாத நடுக்கம் பத்தடி தாண்டியதும் கூத்தாடியது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் வைத்த புள்ளி செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஓடியது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். இன்னும் மோசம். ஹாலில் திரை இதைவிடத் தூரத்தில் இருக்கும். வருகிற நாற்பது பேருமே டாக்டர்கள், நர்ஸ்கள். கூத்தாடுகிற புள்ளியைப் பார்த்தவுடன் என்னவென்று சொல்லிவிடுவார்கள்.

தபால் ஆபீஸிலிருந்து சாப்பிட வந்த கிரிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். “என்னடி, கொசு மாதிரி சுத்துது?”

“பாட்டரி சரியில்ல.”

“பாட்டரி போனா மங்கும், ஆடுமா?” என்று சிரித்துவிட்டு அவன் கை கழுவப் போனான். ஷெர்லி மவுஸைப் பைக்குள் போட்டுவிட்டுத் தட்டு எடுத்து வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் வழி கண்டுபிடித்தாள். உருண்டையை உருட்டினால் போதும், அம்புக்குறி விட்ட இடத்தில் நிற்கிறது. கை நடுங்கினாலும் அது நடுங்குவதில்லை. லேசர் பக்கமே போக வேண்டாம். தப்பித் தவறி விரல் பட்டுவிட்டால்? அதற்கும் கையில் மருந்து இருந்தது. தவிட்டு நிறப் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, லேசர் வெளியே வருகிற துளையின்மேல் இரண்டு சுற்று அழுத்தி ஒட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்தவள்தான் அவள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஹாலில் விளக்கை அணைத்தார்கள். ஷெர்லி மவுஸை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி ஒவ்வொரு பக்கமாக நகர்த்தினாள். குழந்தைகளின் எடை, தங்கிய நாட்கள், காய்ச்சல். அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்டது. இன்னும் மூன்று பக்கம், இன்னும் இரண்டு பக்கம் என்று எண்ணிக்கொண்டே வந்தாள். ஏ, பி, சி, டி படம் வந்தது.

“அம்புக்குறி இங்கிருந்து தெரியல சிஸ்டர்,” என்றார் முன் வரிசையிலிருந்து டாக்டர் ஸ்ரீதேவி. “லேசர் போடுங்க. சி எந்த மாசத்துலேருந்து ஏறுதுன்னு எல்லாரும் பார்க்கட்டும்.”

ஷெர்லி பொத்தானை அமுக்கினாள். பிளாஸ்டருக்குள் லேசர் எரிந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“வரல மேடம். பாட்டரி போல.”

பொய் சுலபமாக வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

“சரி விடுங்க. ஜூன்லேருந்து பாருங்க, ஒரு குழந்தைக்கு நாலு குத்து. இது கவனக்குறைவு. இப்படிப்பட்டவங்க இந்தப் பிரிவில இருக்க முடியாது.”

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. மாதேவி எழுந்து நின்றாள். டாக்டரைப் பார்க்கவில்லை, இத்தனை வருடமாகச் சந்தேகம் வந்தபோதெல்லாம் யாரைப் பார்த்தாளோ அந்த ஷெர்லியையே பார்த்தாள். திரை வெளிச்சத்தில் தன் இரண்டு கைகளையும் முன்னும் பின்னும் திருப்பினாள்.

“அக்கா, அந்த சி நாந்தானுங்களா?” என்றாள். “எங்கையில என்ன கெட்டுதுன்னு எனக்கே தெரியலீங்களே. கொழந்தைங்களுக்கு நான் என்ன பண்ணிட்டனுங்க?”

ஷெர்லி தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். இந்தக் கை கோட்டுப் பைக்குள் திரும்பிப் போகும், திங்கட்கிழமை மறுபடியும் ஒரு தொட்டிலுக்குக் கூப்பிடுவார்கள். கறுத்துப்போன அந்த மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. அதை நினைத்ததும் வந்த பயம் இத்தனை நாள் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நகத்தால் பிளாஸ்டரின் ஓரத்தைக் கிளப்பினாள். நன்றாக ஒட்டுகிறவள் ஒட்டியது, லேசில் வரவில்லை. உரித்து முடித்தபோது விரல் நுனி எரிந்தது. கையை நீட்டி, குறிபார்த்து, பொத்தானை அமுக்கினாள்.

திரையில் சிவப்புப் புள்ளி ‘சி’யின்மேல் நிற்கப் பார்த்தது. நிற்கவில்லை. ‘பி’க்குத் தாவியது, ‘டி’க்கு ஓடியது, திரைக்கு வெளியே சுவரில் ஏறி இறங்கியது. பின் வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். டாக்டர் ஸ்ரீதேவி புள்ளியைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பி அந்தக் கையைப் பார்த்தார்.

“பாட்டரி நல்லாத்தான் இருக்கு மேடம்,” என்றாள் ஷெர்லி. “தொட்டில் மாதேவியோடது. அவ என்னைக் கூப்பிடுவா. குத்தினது எல்லாம் இந்தக் கை. ஜூன்லேருந்து இப்படித்தான்.”

பொத்தானிலிருந்து விரலை எடுக்க அவளால் முடியவில்லை. டாக்டரே எழுந்து வந்து மவுஸை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. இன்றையிலிருந்து ஊசியைத் தொடக் கூடாது, திங்கட்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும், மற்றதை அப்புறம் பேசலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். ஷெர்லி இத்தனை நாள் பயந்தது அவ்வளவும் நடந்துவிட்டது. நடக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே நடையில் மாதேவி நின்றுகொண்டிருந்தாள். வந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்று ஷெர்லி எதிர்பார்த்தாள் என்றால் அதில் தப்பில்லை. வேலையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாளே. மாதேவி பிடிக்கவில்லை.

“எப்பத்திலிருந்துங்க உங்களுக்குத் தெரியும்?”

“மூணு மாசமா.”

“மூணு மாசம்,” என்றாள் மாதேவி. கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்ப்பதுபோலச் சொன்னாள். “உங்களக் கூப்புட்டுப்போட்டு கொழந்த கையப் புடிச்சு நீட்டுனது நாந்தானுங்களே. அழுவாத சாமி, அக்கா வந்துட்டாங்க, இனி வலிக்காதுன்னு அதுங்க காதுல சொல்லிச் சொல்லி நீட்டுனனுங்க.”

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி, கை கழுவி, பிரிவின் கதவைத் திறந்து உள்ளே போனாள். அவளுடைய நாலு தொட்டிலுக்கும் மருந்து நேரம்.

நாற்பது பேர் பார்ப்பார்கள் என்று பயந்திருந்தாள் ஷெர்லி. டாக்டருக்குப் பயந்தாள், கிரிஸுக்குப் பயந்தாள், அப்பாவின் சாசருக்குப் பயந்தாள். இந்த ஒருத்திக்குப் பயந்திருக்க வேண்டும் என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளே ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. பழக்கத்தில் கால் இரண்டடி முன்னே வைத்துவிட்டது. அங்கேயே நின்றாள். உள்ளிருந்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது.